வில் ஒன்று, விலங்கு ஐந்து

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் உள்ள செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால், குளிர்ந்த காற்றும், பலா மரங்களும், ஓரியின் சிலையும் நம்மை வரவேற்கும். விழாவின் ஒரு பகுதியாக வில்வித்தைப் போட்டியும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் இயற்பியல் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன்.

போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சார், ஓரி ஒரே அம்பால் யானையையும் வீழ்த்தினான், உடும்பையும் வீழ்த்தினான் என்கிறார்கள். அப்படியானால் பிற்காலத்து வேட்டைக்காரர்கள் மட்டும் யானைக்கு ஒரு துப்பாக்கி, புலிக்கு ஒரு துப்பாக்கி, மானுக்கு ஒரு துப்பாக்கி என்று ஏன் சுமந்து திரிந்தார்கள்?"

எங்கள் அருகில் நின்றிருந்த மலைவாழ் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "எங்கப்பன் கிட்டயும் ஒரே துப்பாக்கிதான் தம்பி. கொக்குக்கும் அதுதான், பன்னிக்கும் அதுதான்" என்றார். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

மாணவனின் கேள்வி நல்ல கேள்வி. ஒரே கருவியால் எல்லா வேலையையும் செய்வதா, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிக் கருவியா? வேட்டையின் வரலாற்றில் இந்த வழக்கு நெடுங்காலம் நடந்திருக்கிறது. அதில் இயற்பியலும் உண்டு, சட்டமும் உண்டு, மனிதனின் பழக்கமும் உண்டு. ஒவ்வொன்றாகக் காண்போம்.

புலவர் கண்ட அம்பு

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி கொல்லிமலையை ஆண்டவன். மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்க இலக்கியம் கூறுகிறது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் என்னும் புலவர் ஓரியின் வேட்டையைப் பாடுகிறார். அவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாம்.

யானையின் எடை மூவாயிரம் கிலோவுக்கும் மேல். உடும்பின் எடை சில கிலோ. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு! இத்தனைக்கும் ஓர் அம்பு போதுமா? ஒரே எய்தலில் ஐந்து விலங்குகளையும் ஊடுருவுவது இயலாது. அது புலவர் தம் தலைவனுக்குச் சூட்டிய புகழ்மாலை. ஆனால் ஒரே வில்லைக் கொண்டு இந்த ஐந்து விலங்குகளையும் தனித்தனியே வேட்டையாட முடியுமா என்று கேட்டால், விடை வேறு. அதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

அம்பின் கணக்கு

வலிமை மிக்க ஒரு வில்லை முழுதும் இழுக்க 35 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை, அதாவது சுமார் 343 நியூட்டன், தேவைப்படுவதாகக் கொள்வோம். நாண் அரை மீட்டர் பின்னால் வருகிறது. விசை சுழியிலிருந்து படிப்படியாக உயர்வதால் அதில் பாதியைச் சராசரியாக எடுத்துக்கொள்ளலாம். வில்லில் சேமிக்கப்படும் ஆற்றல் சுமார் 86 ஜூல். இதில் எழுபது விழுக்காடு அம்புக்குச் சென்றால் 60 ஜூல். அம்பின் நிறை 50 கிராம் என்றால் அதன் திசைவேகம் நொடிக்கு 49 மீட்டர்.

60 ஜூல் என்பது மிகவும் சிறிய ஆற்றல். ஒரு சாதாரண வேட்டை ரைபிளின் குண்டுக்குச் சுமார் 2,700 ஜூல் இருக்கும். இவ்வளவு குறைந்த ஆற்றலை வைத்துக்கொண்டு அம்பு எப்படிப் பெரிய விலங்கின் உடலுக்குள் புகுகிறது?

இங்கேதான் மற்றோர் அளவு முக்கியமாகிறது. எறியப்படும் பொருளின் நிறையை அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர செண்டிமீட்டர் முகப்புக்குப் பின்னால் எத்தனை கிராம் நின்று தள்ளுகிறது என்பதை இது காட்டும். ஒரு செண்டிமீட்டர் விட்டமுள்ள அம்புக்கு இது 64 கிராம். 7 மில்லிமீட்டர் ரைபிள் குண்டுக்கு 27 கிராம்தான். அம்பு நீளமானது, ஒல்லியானது. ஆகவே மெதுவாகச் சென்றாலும் எளிதில் நிற்பதில்லை. மேலும் அதன் இரும்பு முனை தசையை நசுக்குவதில்லை, அறுத்துக்கொண்டு செல்கிறது. அறுப்பதற்குக் குறைந்த ஆற்றல் போதும். மழுங்கிய கத்தியால் கத்தரிக்காய் நறுக்கியவர்களுக்கு இது தெரியும்.

எனவே அம்பின் வேலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முனைதான். பழங்காலத்தவர் இதை நன்கு அறிந்திருந்தனர். அர்த்தசாஸ்திரம் அம்பு முனைகளைப் பற்றிக் கூறும்போது, வெட்டுவதற்கு, துளைப்பதற்கு, அடிப்பதற்கு என வகை பிரிக்கிறது. இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றால் அவற்றைச் செய்யலாம் என்கிறது. வில்லை மாற்ற வேண்டியதில்லை. அம்பின் முனையை மாற்றினால் போதும்.

மருந்தை மாற்றும் துப்பாக்கி

பெரியவரின் தந்தை வைத்திருந்ததும் இதே வகைக் கருவிதான். நாட்டுத் துப்பாக்கி என்று நாம் சொல்லும் அது, குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் குண்டையும் இட்டுக் கம்பியால் கெட்டிப்பது. குழலின் உட்புறம் வழவழப்பானது. ஆகையால் அதற்குள் எதையும் இடலாம். பறவைக்குச் சிறு ஈய ரவைகள். முயலுக்குச் சற்றுப் பெரியவை. பன்றிக்கு ஒற்றைக் குண்டு. பிற்காலத்தில் மிதிவண்டியின் பால்ரஸ் குண்டுகளும் இந்த வேலைக்கு வந்தன. துப்பாக்கி ஒன்று, உள்ளே செல்வது வேறு.

இயற்பியல் கூடத்தில் நாம் பயன்படுத்தும் கால்வனோமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இணையாக ஒரு சிறிய மின்தடையைச் சேர்த்தால் அது அம்மீட்டர். தொடராக ஒரு பெரிய மின்தடையைச் சேர்த்தால் அது வோல்ட்மீட்டர். கருவி ஒன்றே, நாம் சேர்ப்பதைப் பொறுத்து அதன் தொழில் மாறுகிறது.

ஆனால் இந்த வழவழப்பான குழலுக்கு ஒரு குறை உண்டு. அதிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு தன் போக்கில் உருண்டு விலகும். ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. குழலின் உட்புறத்தில் மரை போன்ற பள்ளங்களை வெட்டினால் குண்டு பம்பரம் போலச் சுழன்றுகொண்டு நேராகச் செல்லும். இதுவே ரைபிள். ஆனால் மரைப் பள்ளமுள்ள குழலில் ரவைகளை இட்டால், அவை சுழற்சியினால் சிதறிப் பயனற்றுப் போகும். இங்கேதான் ஒற்றைக் கருவி முதன்முதலாக இரண்டாகப் பிரிகிறது: பறவைக்கு ரவைத் துப்பாக்கி, விலங்குக்கு ரைபிள்.

இந்தப் பிரிவை ஒட்டவைக்கவும் ஒருவர் முயன்றார். வங்காளப் படையில் பணியாற்றிய ஜார்ஜ் பாஸ்பரி என்னும் அதிகாரி, ரவைத் துப்பாக்கிக் குழலின் கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் மரை வெட்டும் முறைக்கு 1885இல் காப்புரிமை பெற்றார். ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் அதை 'பாரடாக்ஸ்' என்ற பெயரில் செய்து விற்றது. காடைக்கு ரவையும் புலிக்குக் குண்டும் ஒரே குழலில்! ஒன்றுக்கு மேல் சுமக்க விரும்பாதவர்களுக்கு இது நல்ல துணையாயிற்று.

பல துப்பாக்கிகள் ஏன் வந்தன?

துரைமார்களின் வேட்டைப் படங்களில் பின்னால் நான்கைந்து கூலியாட்கள் துப்பாக்கிகளோடு நிற்பதைக் காணலாம். அத்தனையும் தனித்தனி விலங்குகளுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1848 முதல் 1855 வரை இலங்கையின் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் யானை வேட்டையில் பேர்பெற்றவர். அவர் காலத்துத் துப்பாக்கிகள் வாய்வழி மருந்திடுபவை. ஒரு முறை சுட்டபின் மீண்டும் கெட்டிப்பதற்குள் யானை வந்து மிதித்துவிடும்! ஆகவே மருந்திட்ட துப்பாக்கிகளைக் கைமாற்றிக் கொடுக்க ஆட்கள் தேவைப்பட்டனர். பல துப்பாக்கிகள் முதலில் வந்தது வேகத்துக்காகத்தான்.

இரண்டாவது காரணம் கரிமருந்து. அக்காலப் பெருங்குண்டுகளை நொடிக்கு 450 மீட்டர் அளவுக்கு மேல் செலுத்துவது கடினம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது. வேகம் கூடாது என்றால் நிறையைத்தான் கூட்ட வேண்டும். பேக்கரிடம் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் குண்டைச் செலுத்தும் ரைபிள் இருந்தது. அதன் எடையே ஒன்பதரைக் கிலோ! இதை வைத்துக்கொண்டு மான் பின்னால் யார் ஓடுவது? எனவே மானுக்கு வேறொன்று.

'பன்னிரண்டு போர்' என்று நாம் கேள்விப்படும் அளவும் அக்காலத்ததே. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை நுழையும் குழல் பன்னிரண்டு போர். ஈயத்தின் அடர்த்தி 11.34 என்று வைத்து, மாணவர்கள் இதன் விட்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 18.5 மில்லிமீட்டர் வரவேண்டும். நான்கு போர் என்றால் பவுண்டுக்கு நான்கு உருண்டைகள். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும்.

1889இல் கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்து உருவானது. குண்டின் வேகம் உயர்ந்தது. குழலின் விட்டம் சுருங்கியது. கூடவே பின்புறம் தோட்டாவைச் செருகும் முறையும், ஐந்து தோட்டாக்களை அடக்கும் அறையும் வந்துவிட்டன. பேக்கர் காலத்துக் காரணங்கள் இரண்டும் மறைந்தன. அப்படியானால் துப்பாக்கி ரகங்கள் குறைந்திருக்க வேண்டுமல்லவா? மாறாக, பெருகின. அதற்கு ஒரு காரணம் சட்டம்.

பிரிட்டிஷ் படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி .450 அங்குலக் குழலுடையது. அந்த அளவுத் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய அரசு, 1907 வாக்கில் .450 அளவு ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. உடனே ஆங்கிலேயத் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470, .475 என்று மயிரிழை வேறுபாட்டில் புதிய அளவுகளை உருவாக்கின. யானைக்கு இவற்றிடையே எந்த வேறுபாடும் தெரியாது. சுங்க அதிகாரிக்குத்தான் தெரியும்! இதே கதை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. படைகள் பயன்படுத்திய .303 அளவு பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால், வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை .315 அளவில் வேட்டை ரைபிளைச் செய்தது. ஆக, கருவிகள் பலவாவதற்கு எப்போதும் இயற்கையே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒற்றைத் துப்பாக்கியை நம்பியவர்கள்

1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்றபோது, மூன்று ரைபிள்களை எடுத்துச் சென்றார். மான் வகைகளுக்கு .30 ஸ்பிரிங்பீல்டு, சிங்கத்துக்கு .405 வின்செஸ்டர், யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் ஹாலந்து இரட்டைக்குழல். 'வேலைக்கு ஒரு கருவி' என்ற கட்சிக்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

எதிர்க்கட்சிக்கு எடுத்துக்காட்டு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பெல் என்பவர். அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் ரிக்பி ரைபிளால், நாம் மான் சுடத்தான் ஆகும் என்று நினைக்கும் சிறிய ரைபிளால், வீழ்த்தினார். இன்று இந்த எண்ணிக்கையை நாம் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆனால் அது எப்படி முடிந்தது என்பதை அறிந்துகொள்ளலாம். அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் குண்டு அங்கே போய்ச் சேரும் என்று படித்தார். உடலில் புகுந்தவுடன் விரியும் மென்முனைக் குண்டைத் தவிர்த்து, உருக்குலையாத முழு உறைக் குண்டையே பயன்படுத்தினார். ஓரியின் வில்லைப் போலவே, இங்கும் மாறியது முனைதான்.

கீழ்க்காணும் அளவுகளைப் பாருங்கள். எண்கள் ஏறத்தாழத் தரப்பட்டுள்ளன.

அம்பு: 50 கிராம், நொடிக்கு 49 மீட்டர், 60 ஜூல், சதுர செ.மீ.க்கு 64 கிராம்.
.275 ரிக்பி (7 மி.மீ.): 11.2 கிராம்; 700 மீட்டர்; 2,700 ஜூல்; 27 கிராம்.
.405 வின்செஸ்டர்: 19.4 கிராம்; 670 மீட்டர்; 4,350 ஜூல்; 23 கிராம்.
.450/400 இரட்டைக்குழல்: 26 கிராம், 655 மீட்டர், 5,600 ஜூல், 31 கிராம்.

ஆற்றலில் மிகச் சிறிய ரிக்பி, முகப்புப் பரப்புக்கான நிறையில் .405ஐ மிஞ்சிவிடுகிறது! ஆழமாகத் துளைப்பதற்கு அது போதும். ஆனால் பாய்ந்து வரும் விலங்கை அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்த வேண்டுமானால், குறி சற்றுத் தவறினாலும் பெரிய காயம் ஏற்படுத்தும் பெருங்குண்டே கைகொடுக்கும். பெல்லின் வழி பெல்லுக்குத்தான். குறி தவறாதவனுக்கு அது பொதுக் கருவி. மற்றவனுக்கு அது தற்கொலைக் கருவி.

ஜிம் கார்பெட் இரண்டையும் வைத்திருந்தார். 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907இல் அவர் வீழ்த்தியபோது, தம் ரைபிளுக்கான மூன்றே தோட்டாக்களும் தீர்ந்துவிட்டன. உடனிருந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை ஓடிச்சென்று வாங்கி, இருபதடித் தொலைவில் நின்று சுட்டார். குறிவைத்தது புலியின் வாயை, பட்டதோ முன்னங்காலில்! பழகாத துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த வெற்றிக்குப் பரிசாக அவருக்குக் கிடைத்ததுதான் .275 ரிக்பி.

1930இல் சௌகட் பெண்புலியைத் தேடிச் சென்றபோது, அவருடைய இடக்கையில் வழியில் எடுத்த பக்கிக்குருவியின் இரண்டு முட்டைகள் இருந்தன. வலக்கையில் இந்த ரிக்பி. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி! ஒற்றைக் கையாலேயே ரைபிளை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். ரைபிள் இலேசானதாக இல்லாவிட்டால் தாம் தப்பியிருக்க முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இலேசான ரைபிளின் நன்மையைக் கணக்கும் காட்டும். உந்த அழிவின்மை விதிப்படி, 3.3 கிலோ எடையுள்ள .275 ரைபிள் சுடும்போது நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி உதைக்கிறது, 9 ஜூல். 5 கிலோ எடையுள்ள .450/400 நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் உதைக்கிறது, 29 ஜூல். வெடிவாயுவின் பங்கைச் சேர்த்தால் இரண்டுமே கூடும். மூன்று மடங்கு உதை வாங்குபவர் தினமும் பயிற்சி செய்ய மாட்டார். பயிற்சி இல்லாவிட்டால் குறி இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், அன்றைய சேலம் மாவட்டத்தின் ஜவளகிரி, பென்னாகரம் பகுதிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடியவர். அவருடைய கையில் பெரும்பாலும் இருந்தது ஒரே ரைபிள்: .405 வின்செஸ்டர். அட்டவணைப்படி அது எதிலும் முதலிடம் பெறாதது. ஆயினும் இருட்டிலும் அவர் கை அதை அறிந்திருந்தது.

பெரியவரின் விரல்கள்

விழா முடிந்து திரும்பும்போது அந்தப் பெரியவரிடம், "ஐயா, உங்கள் விரல்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

"அப்பன் போனதுக்கப்புறம் அந்தத் துப்பாக்கி எனக்கு வந்துச்சு சார். மரவள்ளிக் காட்டுல பன்னி எறங்குச்சு. பெரிய பன்னி. வழக்கமா போடுற மருந்து பத்தாதுன்னு ரெண்டு பங்கு போட்டேன். குழாய் வெடிச்சுருச்சு" என்றார். பிறகு, "துப்பாக்கி மேல தப்பு இல்ல. அது எவ்வளவு தாங்கும்னு எங்கப்பனுக்குத் தெரியும். எனக்குச் சொல்லித் தரல, நானும் கேக்கல" என்றார்.

என் மாணவர்கள் பேசவில்லை. அன்று மாலை பேருந்தில் அமர்ந்து அந்தக் குழாயின் கணக்கைப் போட்டோம். குழாயின் சுவரில் ஏற்படும் இழுவிசைத் தகைவு, உள்ளிருக்கும் அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுத்தால் கிடைக்கும். மருந்தை இரட்டித்தால் அழுத்தம் இரு மடங்காகவோ அதற்கு மேலோ உயரும். சுவரின் தடிமனோ அப்படியே இருக்கும். தொழிற்சாலையில் செய்யும் துப்பாக்கிகளை, விற்பனைக்கு முன் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதிப்பார்கள். பட்டறையில் ஏதோ ஒரு குழாயைக் கொண்டு செய்த துப்பாக்கிக்கு அந்தச் சோதனை கிடையாது. சுடுபவனே சோதனையாளன்.

கால்வனோமீட்டர் உவமையை இங்கே முடித்துவிடலாம். எத்தனை விதமாக மாற்றி இணைத்தாலும், அதன் கம்பிச்சுருள் தாங்கும் மின்னோட்டம் ஒன்றுதான். அதை மீறினால் சுருள் கருகிவிடும். பொதுக் கருவியை எதற்கும் பயன்படுத்தலாம். ஆனால் எவ்வளவுக்கும் பயன்படுத்த முடியாது.

மாணவனுக்கு விடை

ஆகவே மாணவனின் கேள்விக்கு விடை இதுதான். கருவியைவிட, அதிலிருந்து புறப்படும் பொருளும், அதைக் கையாளும் பயிற்சியும் முக்கியம். அந்த இரண்டும் சரியாக அமைந்தால் ஒரு கருவி பல வேலைகளைச் செய்யும். ஆனால் கருவியின் தாங்கும் எல்லைக்கு அப்பால் இருக்கும் வேலைக்கு வேறு கருவிதான் வேண்டும். அந்த எல்லையை அறியாதவனுக்கு ஒரு கருவியும் ஆபத்து. பல கருவிகளும் ஆபத்து.

இன்று இந்தக் கேள்வி வேட்டைக்காரர்களுக்குரியது அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் சில விதிவிலக்குகளைத் தவிர வேட்டையை நிறுத்திவிட்டன. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிகள் வரை அனுமதித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. வன்பரணர் பாடிய யானையும் புலியும் கொல்லிமலையில் இன்று இல்லை. செம்மேட்டு விழாவில் அம்புகள் இலக்குப் பலகையில்தான் தைக்கின்றன. அதுவே நல்லது.

பெரியவர் தம் துப்பாக்கியின் எஞ்சிய பாகங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் அவர் தந்தைக்குத் தெரிந்திருந்த அந்த அளவு, எந்தப் பறவைக்கு எவ்வளவு, எந்த விலங்குக்கு எவ்வளவு, எங்கே நிறுத்த வேண்டும் என்பது, எவருக்கும் சொல்லப்படாமலேயே அவரோடு போய்விட்டது. மாணவர்களே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது, அது என்னென்ன செய்யும் என்று கேட்பதற்கு முன், அது எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.